படுக்கையே இல்லாத புற்றுநோய் மையம்

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. பல்கலைக்கழக வளாகத்தின் ஓரமாக ஏம்ஸ் தெரு போகிறது. அங்கே ஒரு காலத்தில் சாக்லேட் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1974-ல் அது புற்றுநோய் ஆராய்ச்சி மையமாக மாறியது. புற்றுநோய் மையம் என்றாலும் அங்கே ஒரு படுக்கை கிடையாது, கதிர்வீச்சு இயந்திரம் கிடையாது, வெளிநோயாளிப் பிரிவு கிடையாது. எம்.ஐ.டி.யில் மருத்துவக் கல்லூரியே இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் நோயாளி என்று ஒருவரும் வரவில்லை. வைரஸ்களும், எலி செல்களும், அவற்றையே ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்களும்தான் அங்கே இருந்தார்கள். உயிரைக் குடிக்கும் ஒரு நோயின் பெயரை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே செல்லைப் பற்றி மட்டும் யோசிப்பது சரியா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். இந்த மையம் பிறந்த கதையே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்தான். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாளிதழ்களில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. குடியரசுத் தலைவர் நிக்சன் மனது வைத்தால் புற்றுநோயைக் குணப்படுத்திவிடலாம் என்று அவரையே பெயர் சொல்லி விளித்தது அது. அதன் பின்னால் நின்றவர் மேரி லாஸ்கர். மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தைத் திருப்பிவிடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட பெண்மணி. நிலவுக்குப் போக முடிந்த நாட்டால் இது முடியாதா என்ற கேள்வி ஊரெங்கும் கேட்டது. 1976-ல் நாட்டுக்கு 200 வயது நிறைவதற்குள் நோயை வென்றுவிடலாம் என்ற பேச்சும் நாடாளுமன்றம் வரை போனது. 1971 டிசம்பர் 23 அன்று நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 150 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

விஞ்ஞானிகளில் பலருக்கு இதில் சங்கடம் இருந்தது. நிலவுக்கு ராக்கெட் விட்டவர்கள் கையில் நியூட்டனின் விதிகள் இருந்தன. புற்றுநோய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. நலமான செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறது என்பதே அன்று தெரியாது. நின்று போக வேண்டிய செல் ஏன் நிற்கவில்லை என்பதை அது தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த இடத்தில்தான் சால்வடோர் லூரியா வருகிறார். 1912-ல் இத்தாலியின் டூரின் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர். 1938-ல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்ததும் பாரிசுக்குப் போனார். 1940-ல் ஜெர்மன் படை பாரிசை நெருங்கியபோது சைக்கிளில் ஏறித் தெற்கே மார்செய் வரை தப்பினார். அங்கே விசா வாங்கி அந்த ஆண்டே நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அவருடைய துறை. 1943-ல் மாக்ஸ் டெல்புருக்குடன் சேர்ந்து, பாக்டீரியாக்களில் மரபு மாற்றங்கள் தற்செயலாகவே நேர்கின்றன என்று நிறுவினார். 1969-ல் டெல்புருக், ஆல்ஃபிரட் ஹெர்ஷி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட ஜேம்ஸ் வாட்சன் அவருடைய முதல் ஆராய்ச்சி மாணவர்.

லூரியாவின் வாழ்க்கையில் உடைந்துபோன ஒரு சோதனைக்குழாய் உண்டு. தன் வரலாற்றுக்கு வைத்த தலைப்பிலேயே அவர் அதைச் சேர்த்துக்கொண்டார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஒரு நாள், சோதனைக்கு வைத்திருந்த பாக்டீரியாக் குழாய் உடைந்தது. வேறு வழியில்லாமல் சக ஆய்வாளரிடமிருந்து இன்னொரு வகை பாக்டீரியாவைக் கடன் வாங்கிப் போட்டார். தன் பாக்டீரியாவுக்குள் காணாமல் போய்விட்டதாக நினைத்த வைரஸ் இந்த இரவல் பாக்டீரியாவில் செழித்து வளர்ந்தது. வைரஸ் சாகவில்லை, சில பாக்டீரியாக்கள் அதை உள்ளே வளர விடாமல் தடுக்கின்றன என்று தெரிந்தது. 1952-ல் அது கட்டுரையாக வந்தது. ஏன் தடுக்கிறது, எப்படித் தடுக்கிறது என்று மற்றவர்கள் தேடிப் போனதில், டி.என்.ஏ.யைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதிகள் கிடைத்தன. 1970-களின் மரபணு ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்தக் கத்திகளை வைத்துத்தான் நடந்தது, பின்னாளில் ஏம்ஸ் தெருவில் நடந்ததும் சேர்த்து. எங்கோ ஒரு பாக்டீரியாவில் பார்த்த விசித்திரம் எந்த நோய்க்கு, எந்தக் காலத்தில் உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது லூரியாவுக்குப் புத்தகப் பாடம் அல்ல, பட்ட அனுபவம்.

வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். நோபல் பரிசு வாங்கிய அதே 1969-ல், அரசு சுகாதாரத் துறையின் ஆலோசனைக் குழுக்களில் சேர்க்கக் கூடாதவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது பத்திரிகையில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் அதே துறையின் கீழ் இருந்த தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில் அவர் ஒரு மையத்தைத் திறந்தார். பரிசு வாங்கிய அறுபது வயதுக்காரர் ஓய்வாக உட்கார்ந்திருக்கலாம். அவரோ 1972-ல் எம்.ஐ.டி.யின் புதிய மையத்துக்குப் பொறுப்பேற்று, நிதிக்கு விண்ணப்பம் எழுதுவது, பழைய கட்டடத்தைப் பிரித்துக் கட்டுவது, ஆள் தேடுவது என்று இரண்டு ஆண்டுகளைச் செலவழித்தார். சீலி ஜி. மட் என்ற மருத்துவரின் பெயரிலான அறக்கட்டளையும் கைகொடுத்தது. கட்டடத்துக்கு மட்டின் பெயரே வைக்கப்பட்டது.

அவர் ஆள் எடுத்த விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிகிச்சை நிபுணர்களைத் தேடவில்லை, பெரிய பெயர்களையும் துரத்தவில்லை. அநேகமாக எல்லாரும் முப்பதைச் சுற்றிய வயதுக்காரர்கள். டேவிட் பால்டிமோர் ஏற்கெனவே எம்.ஐ.டி.யில் இருந்தார். ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதும் நொதியை 1970-ல், ஹோவர்ட் டெமினும் தானும் தனித்தனியே கண்டுபிடித்திருந்தார். 1975-ல் அதற்கு நோபல் வந்தது. கென்டக்கியின் பண்ணைக் குடும்பத்துப் பையன் பிலிப் ஷார்ப். கன்று வளர்த்தும் புகையிலை பயிரிட்டும் கல்லூரிக்குப் பணம் சேர்த்தவர். படித்தது வேதியியல். நான்சி ஹாப்கின்ஸ் வைரஸ்களில் வேலை செய்தவர். ராபர்ட் வைன்பெர்க் எம்.ஐ.டி.யிலேயே படித்து, வெளியே போய்த் திரும்பியவர். நோயெதிர்ப்பியலுக்கு மட்டும் மூத்தவரான ஹெர்மன் ஐசன் வந்து சேர்ந்தார். ஒரே வகைக் கேள்வி கேட்பவர்களை ஒரே தளத்தில் போட்டார் லூரியா. பால்டிமோர், ஷார்ப், ஹாப்கின்ஸ், வைன்பெர்க் நால்வரும் ஐந்தாவது தளம். கருவிகள் பொது. ஒருவர் ஆய்வகத்தில் காலையில் நடந்தது அடுத்தவருக்கு மதியத்துக்குள் தெரிந்துவிடும்.

எல்லாரும் ஏன் வைரஸ்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்? கோழிகளுக்குக் கட்டி உண்டாக்கும் ஒரு வைரஸை பெய்டன் ரவுஸ் 1911-லேயே காட்டியிருந்தார். மனிதப் புற்றுநோய்க்கும் வைரஸே காரணமாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அரசு நிறையப் பணம் போட்டிருந்தது. ஆனால் ஐந்தாவது தளத்துக்காரர்களுக்கு வைரஸ் வேறு ஒரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. மனிதச் செல்லில் டி.என்.ஏ. எழுத்துகள் முந்நூறு கோடி. எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸில் வெறும் ஐயாயிரத்துச் சொச்சம். அந்த ஐயாயிரத்தைக் கொண்டே அது ஓர் எலி செல்லைப் புற்றுநோய்ச் செல் போல நடக்க வைத்துவிடும். முந்நூறு கோடியில் தேடுவதைவிட ஐயாயிரத்தில் தேடலாம் அல்லவா?

முதல் பெரிய விளைச்சல் யாரும் எதிர்பாராத பக்கமிருந்து வந்தது. ஷார்ப், சூசன் பெர்ஜெட், கிளேர் மூர் மூவரும் அடினோவைரஸில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சளி, காய்ச்சல் தரும் சாதாரண வைரஸ் அது. அதன் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ.யை எடுத்து, அதே வைரஸின் டி.என்.ஏ.யோடு சேர்த்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள். ஆர்.என்.ஏ. தனக்குப் பொருந்தும் இழையோடு ஒட்டிக்கொள்ளும், விலக்கப்பட்ட மற்ற இழை வளையமாகப் புடைத்து நிற்கும். அதை வைத்து மரபணு எங்கே தொடங்குகிறது என்று அளந்துவிடலாம். ஆனால் படத்தில் ஆர்.என்.ஏ.யின் ஒரு முனை ஒட்டாமல், சின்ன வால் போலத் தனியே தொங்கியது. சோதனையில் ஏதோ பிசகு என்று தள்ளிவிடக்கூடிய அளவு சின்ன வால். அவர்கள் தள்ளவில்லை. இன்னும் நீளமான டி.என்.ஏ. இழையை எடுத்து மறுபடி செய்தார்கள். இந்த முறை வால் ஒட்டிக்கொண்டது. ஆனால் வெகு தூரத்தில், மூன்று துண்டுகளாக ஒட்டியது. இடைப்பட்ட டி.என்.ஏ. மூன்று வளையங்களாக வெளியே புடைத்திருந்தது.

மரபணு என்பது ஒரே தொடராக எழுதப்பட்ட வாக்கியம் அல்ல. துண்டு துண்டாக இருக்கிறது, செல் அதை முழுவதும் படியெடுத்து, வேண்டாததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுகிறது என்று 1977-ல் தெரிந்தது. அதே சமயத்தில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும் இதையே கண்டது. ஓராண்டுக்குள் கோழி, முயல், எலி என்று தேடிய இடத்திலெல்லாம் துண்டான மரபணுக்கள் கிடைத்தன. ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993-ல் நோபல் வந்தது. புற்றுநோய்க்கென்று ஒதுக்கிய பணத்தில் கிடைத்த இந்த அறிவு முதலில் மருந்தாகப் பலன் கொடுத்த இடங்களில் ஒன்று, குழந்தைகளின் தண்டுவடத் தசைச் சிதைவு நோய். செல் துண்டுகளை ஒட்டும் விதத்தைத் திருத்தும் நுசினெர்சென் 2016-ல் அனுமதி பெற்றது.

இதற்கிடையில் ஊரில் ஒரு சண்டை. மரபணுக்களை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சி ஆபத்தானதா என்று 1976-ல் கேம்பிரிட்ஜ் நகராட்சி ஹார்வர்டையும் எம்.ஐ.டி.யையும் கேள்வி கேட்டது. மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி பொதுக்கூட்டம் போட்டு விசாரித்தார், ஆபத்து மிகுந்த சோதனைகளுக்குத் தடை வந்தது. கன்னியாஸ்திரி ஒருவர் உட்பட ஊர்க்காரர்களைக் கொண்ட குழு மாதக்கணக்கில் பாடம் கேட்டு, விவாதித்து, 1977 தொடக்கத்தில் நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. விஞ்ஞானிகள் அன்று பொறுமை இழந்தார்கள். என்னைக் கேட்டால், தங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை அந்த மக்களுக்கு இருந்தது, அதை அவர்கள் பொறுப்போடு பயன்படுத்தினார்கள்.

இனி வைன்பெர்க். 1976-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹெரால்ட் வார்மஸும் மைக்கேல் பிஷப்பும் சகாக்களும் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டினார்கள். ரவுஸின் கோழி வைரஸில் இருந்த புற்றுநோய் மரபணு வைரஸின் சொந்தச் சரக்கே அல்ல. நலமான கோழியின் செல்லில் இருந்ததை வைரஸ் எப்போதோ அபகரித்துக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் வைரஸே இல்லாமல், செல்லுக்குள் இருக்கும் அந்த மரபணுக்கள் தாமாகவே கெட்டுப்போனால் என்ன ஆகும்?

1978 பிப்ரவரியில் பாஸ்டனைப் பெரும் பனிப்புயல் முடக்கியது. வண்டி ஓடவில்லை. சார்லஸ் ஆற்றின் லாங்ஃபெல்லோ பாலத்தில் பனியை மிதித்து ஆய்வகத்துக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் வைன்பெர்க்குக்கு வழி புலப்பட்டது. ரசாயனத்தால் புற்றுநோயான எலி செல்லின் டி.என்.ஏ. முழுவதையும் எடுத்து, நலமான செல்களுக்குள் செலுத்திப் பார்த்தால்? சியாஹோ ஷீ என்ற மாணவர் அதைச் செய்தார். நலமான செல்கள் கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவி, பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். கெட்ட மரபணு உள்ளே போய்விட்டால் அந்தச் செல்லின் வாரிசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். வெறும் கண்ணுக்கே புள்ளியாகத் தெரியும். அப்படிப்பட்ட குவியல்கள் ஷீயின் தட்டுகளில் தோன்றின. 1979-ல் கட்டுரை வந்தது. பிறகு மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் டி.என்.ஏ.யைப் போட்டார்கள், அதுவும் குவிந்தது. அதற்குக் காரணமான மரபணுவைப் பிரித்து எடுத்தபோது, அது ஏற்கெனவே எலி வைரஸ்களில் பார்த்திருந்த ராஸ் என்ற மரபணு.

நலமான ராஸுக்கும் புற்றுநோய் ராஸுக்கும் என்ன வித்தியாசம்? 1982-ல் வைன்பெர்க்கின் குழுவும் வேறு இரண்டு குழுக்களும் விடையை எட்டின. ஆயிரக்கணக்கான எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதனால் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஓர் எழுத்து மட்டுமே ஒருவருக்குப் புற்றுநோய் தந்துவிடாது, இன்னும் பல மாற்றங்கள் சேர வேண்டும் என்பது அடுத்தடுத்துத் தெரிந்தது. ஆனால் புற்றுநோய்க்கு அன்றுதான் முதன்முறையாக ஒரு முகவரி கிடைத்தது.

படுக்கை இல்லாததன் விலையும் இதே ஆய்வகத்தில்தான் தெரிகிறது. மும்பையிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் லட்சுமி சரண் பாடி, எலியின் நரம்புக் கட்டிகளிலிருந்து இன்னொரு புற்றுநோய் மரபணுவைக் கண்டு 1982-ல் வெளியிட்டார். அதற்கு நியூ என்று பெயர். ராஸ் செல்லின் உட்புறம் பதுங்கியிருப்பது. நியூவின் புரதமோ செல்லின் மேற்பரப்பில் தலைநீட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒரு மருந்து போய்ப் பிடிக்கத் தோதான இடம். ஆனாலும் மனிதருக்கு மருந்தாக அதை எடுத்துப்போகும் வேலை இங்கே நடக்கவில்லை. அதே மரபணுவின் மனித வடிவமான ஹெர்-2-ஐ ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்ஸெல் உல்ரிச் தனியே எடுத்தார். கலிஃபோர்னியாவில் புற்றுநோய் மருத்துவராக இருந்த டென்னிஸ் ஸ்லாமன் தம்மிடம் இருந்த மார்பகக் கட்டிகளில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் புரதத்தைப் பிடிக்கும் ஹெர்செப்டின் 1998-ல் மருந்தானது. எத்தனையோ பெண்கள் அதனால் இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஐந்தாவது தளத்தில் தினமும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் ஒருவராவது இருந்திருந்தால் சில ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். லூரியாவின் தேர்வு சரி என்று நம்புகிறவன் நான். ஆனாலும் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சில ஆண்டுகள் சின்ன விஷயம் அல்ல.

1986-ல் இதற்கு மறுபக்கமும் நடந்தது. வைன்பெர்க் அதற்குள் பக்கத்திலேயே, பால்டிமோரை முதல் இயக்குநராகக் கொண்டு எழுந்த வைட்ஹெட் நிறுவனத்துக்கு மாறியிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் கண் மருத்துவமனையில் இருந்த தாடியஸ் டிரைஜா, குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய்க் கட்டிகளைப் பாதுகாத்து வைத்திருந்தார். அவரும் வைன்பெர்க்கின் ஆய்வகத்து ஸ்டீபன் ஃபிரெண்டும் சேர்ந்தபோது ஆர்.பி. மரபணு கையில் வந்தது. ராஸ் செல்லைத் துரத்தி வளர்க்கும் மரபணு என்றால், இது வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் மரபணு. இரண்டு பிரதிகளும் தொலைந்தால்தான் நோய் வரும் என்று ஆல்ஃபிரட் நட்சன் 1971-ல் கணக்குப் போட்டுச் சொன்னது மெய்யானது.

ஏம்ஸ் தெருக் கட்டடத்துக்குள் நடந்த இன்னொரு அளவெடுப்பையும் சொல்லாமல் விட முடியாது. 1990-களின் தொடக்கத்தில் நான்சி ஹாப்கின்ஸ் வரிக்குதிரை மீன்களை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார். மீன் தொட்டிகளுக்குக் கொஞ்சம் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. தமக்கு மற்றவர்களைவிட இடம் குறைவு என்று சொன்னதை யாரும் நம்பவும் இல்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளந்தார். கணக்கு அவர் சொன்னதையே சொன்னது. 1994-ல் எம்.ஐ.டி.யின் 16 பெண் பேராசிரியர்கள் சேர்ந்து முறையிட்டார்கள். 1999-ல் நிர்வாகமே பாகுபாட்டை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. மற்றப் பல்கலைக்கழகங்களும் தங்கள் கணக்கைப் பார்க்க வேண்டி வந்தது. எண்ணியும் அளந்தும் பழகிய கை என்பதால்தான் அந்த அம்மையாரால் அதைச் செய்ய முடிந்தது.

லூரியா 1985 வரை இயக்குநராக இருந்தார், 1991-ல் காலமானார். அவருக்குப் பின் ஷார்ப், பிறகு ரிச்சர்ட் ஹைன்ஸ், 2001-ல் டைலர் ஜாக்ஸ். ஜாக்ஸ் வைன்பெர்க்கிடம் பயின்றவர். மனித நோயைப் போலவே ராஸ் மாற்றத்தால் நுரையீரல் கட்டி வரும் எலிகளை உருவாக்கியவர். 2007-ல் எம்.ஐ.டி.யில் படித்த தொழிலதிபர் டேவிட் கோக் 10 கோடி டாலர் கொடுத்தார். அவரும் புற்றுநோய் கண்டவர். 2011-ல் மெயின் தெருவில் புதுக் கட்டடம் திறந்தது. மையத்தின் பெயர் கோக் நிறுவனம் என்றானது. இந்த முறை உயிரியல்காரர்களோடு பொறியாளர்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். மருந்தைக் கட்டிக்குள் கொண்டு சேர்க்கும் நுண்துகள் செய்கிறவர் இருக்கும் தளத்திலேயே மரபணுவைப் பார்ப்பவரும் இருக்கிறார். அங்கேயும் படுக்கை கிடையாது. ஆனால் சுற்றியுள்ள மருத்துவமனைகளோடு போக்குவரத்து இருக்கிறது. அதன் அரங்குக்கு லூரியாவின் பெயர்.

ராஸைப் பிடிக்க மருந்தே செய்ய முடியாது என்று வெகுகாலம் எல்லாரும் கைவிட்டிருந்தார்கள். புரதத்தின் மேற்பரப்பு வழவழப்பு, மருந்து பிடித்துக்கொள்ள ஒரு குழி கிடையாது. 2013-ல் சான் பிரான்சிஸ்கோவில் கெவன் ஷோகாட்டின் குழு ஒரு குழியைக் கண்டது. 2021 மே மாதம் சோட்டோராசிப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீர்ப்பைக் கட்டியில் கண்ட ராஸின் உடன்பிறப்பான கே-ராஸுக்கு, நுரையீரல் புற்றுநோயில். மாற்றம் அதே 12-ஆவது இடத்தில்தான், கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன். நிக்சன் கையெழுத்திட்டு ஐம்பது ஆண்டுகள், அந்த ஓர் எழுத்து தெரிந்து 39 ஆண்டுகள். அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் நூற்றுக்குச் சுமார் 36 பேருக்குக் கட்டி சுருங்கியது. அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பலன் பத்து மாதமோ அதற்கு மேலோ நீடித்தது. பிறகு கட்டி மருந்துக்கு வசப்படாமல் வேறு வழியில் வளர்கிறது. அந்த வழிகள் எவை, எத்தனை என்பதை மெயின் தெருவிலும் உலகின் வேறு பல ஊர்களிலும் செல்லைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.